தேக்கிலைப் புழுவும் வனப்படமும்: திருகோணமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கைக் காடுகளை விமானப் படங்களைக் கொண்டு வகைப்படுத்தும் பணி 1956இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கியது. காட்டின் பரப்பையும் வெட்டத்தக்க மரத்தின் கனவளவையும் அறிவதே அதன் நோக்கம். பூச்சி தின்ற இடங்களைக் குறிப்பது அதன் வேலையன்று. வட அமெரிக்காவிலோ அதற்குள் வேறொரு மரபு வேரூன்றியிருந்தது. சிறுவிமானத்தில் தாழப் பறந்தபடி, பழுப்பேறிய மரத்திரள்களை நிலப்படத்தில் கையால் வரைந்துகொள்ளும் முறை அது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் அது 1947இல் ஆண்டுப் பணியாயிற்று.

தெற்காசியாவில் பூச்சிச் சேதம் பற்றிய அறிவு தரையிலிருந்தே வளர்ந்தது. தேக்கிலை தின்னி என்ற புழுவின் பெருக்கத்தைத் திருவிதாங்கூர் வன அதிகாரி பூர்டில்லன் 1898இல் பதிவுசெய்தார். இலை போனாலும் மரம் மீண்டும் தளிர்த்துவிடுவதால் இழப்பு சிறிதென்றே பலர் கருதினர். நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் தகர்த்தது. மரம் அடையக்கூடிய கனவளவு வளர்ச்சியில் 44 சதவீதம் வரை இப்புழுவால் குறைந்திருந்தது.

அதே நிலையத்தார் பின்னர் பெருக்கம் தொடங்கும் இடங்களைத் தேடிக் குறித்தனர். பருவத்தின் முதல் தாக்குதல்கள் 0.5 முதல் 1.5 ஹெக்டேயர் வரையான சிறு திட்டுகளிலேயே தென்பட்டன. அடுத்த தலைமுறைகளில் பரப்பு பன்மடங்கானது. அழிந்த பரப்பை அளப்பதைவிட இந்தத் தொடக்கத் திட்டைக் கண்டுபிடிப்பதே கண்காணிப்பின் உயிர்நாடி. புழுக்களைக் கொல்லும் நச்சுயிரியைத் தெளிப்பதானாலும் அங்கேதான் தெளிக்க வேண்டும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் செய்மதிகளின் வரலாறு வேறுவிதமாகத் தெரியும். 1972இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட்டின் படப்புள்ளி ஒன்று ஏறத்தாழ 80 மீற்றர் அகலமானது. தொடக்கத் திட்டு அதில் ஓரிரு புள்ளிகளே. அது ஓரிடத்துக்குத் திரும்பிவர 18 நாட்கள் எடுத்தது. புழுப்பருவமோ ஏறக்குறைய இரு வாரங்களில் முடிந்துவிடும். 2015இலும் 2017இலும் ஏவப்பட்ட இரு சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் நுணுக்கத்துடன் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படமெடுத்தபோதுதான் அரை ஹெக்டேயர் திட்டு 50 புள்ளிகளாக விரிந்தது.

திருகோணமலையில் தொடக்கத் திட்டைக் கண்டறியும் கேள்வி தேக்கோடு நிற்பதில்லை. இதே பூச்சி மும்பைக் கரையிலும் வட பிரேசிலிலும் கண்ணா இனக் கண்டல் மரங்களை மொட்டையாக்கியுள்ளது. கொட்டியாரக்குடா, தம்பலகாமக் குடாக்களின் ஓரங்களில் கண்ணா எனப்படும் வெண்கண்டல் வளர்கிறது. அது என்றும் பசுமையானது; ஆகவே இலையிழந்த திட்டு படத்தில் எடுப்பாகத் தெரியும். உலர் வலயத் தேக்கு கோடையில் தானாகவே இலையுதிர்ப்பதால் அங்கே பூச்சிச் சேதத்தைப் பிரித்தறிவது கடினம். வடகீழ்ப் பருவக்காற்றின் முகில்கள் படங்களை மறைக்கும். முகிலை ஊடுருவும் ராடாருக்குக் கிளையமைப்பும் ஈரமும் புலப்படும். இலை போனதன் காரணம் புலப்படாது. உவர்ப்பேற்றமும் புயலும்கூடக் கண்டலை மொட்டையாக்கும். ஆனால் புழு தின்ற இலையில் பெருநரம்புகள் எஞ்சியிருக்கும். அதைக் காண மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் தோணியில் சென்று, படம் காட்டிய திட்டில் கிளையை வளைத்துப் பார்க்க வேண்டும். 2009 வரையான போர்க்காலத்தில் அத்தகைய களப்பணிக்கு இங்கே வழி மிகக் குறைவாகவே இருந்தது.