தீப்பெட்டிகள் கற்ற பாடம்



சென்ற தவணையில் ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து, "சேர், செயற்கை நுண்ணறிவு எப்படிப் படிக்கிறது? அதற்கும் ஆசிரியர் உண்டா?" என்று வினவினாள். எல்ல மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள் அவள். கலைப் பட்டதாரியாகிய நான் விடை கூற இயலாது நின்றேன். ஐம்பது வயதைக் கடந்தபின் அரிச்சுவடி தொடங்க நேர்ந்தது. வரலாற்றின் வழியே தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வழி அதுவொன்றே.

ஆங்கிலக் கணித மேதை அலன் டியூரிங், 1950 ஆம் ஆண்டில் 'மைண்ட்' என்னும் தத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். முதிர்ந்தோர் மனத்தைப் போன்ற யந்திரத்தைச் செய்ய முயல்வதற்குப் பதிலாக, குழந்தை மனத்தைப் போன்றதொன்றைச் செய்து அதற்குக் கல்வி புகட்டலாகாதா என்று அதில் கேட்டார். பரிசும் தண்டனையும் அக்கல்வியில் இடம்பெற்றன. 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயரோ, 1955 இல் அமெரிக்க அறிஞர் ஜோன் மக்கார்த்தி முதலானோர் எழுதிய திட்டமொன்றிலேதான் தோன்றியது. பெயர் வருமுன்னரே பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்பதில் ஆசிரியனாகிய எனக்குச் சிறிது பெருமையே.

உலகப் போர்க்காலத்தில் டியூரிங்குடன் பணிபுரிந்தவர் டொனால்ட் மிக்கி. 1923 இல் ரங்கூனில் பிறந்தவர், உயிரியல் கற்றவர். 1961 ஆம் ஆண்டில் எடின்பரோவிலே, கற்கும் யந்திரமொன்றைச் செய்ய விழைந்தார். கணினி கிட்டவில்லை. ஆகவே தீப்பெட்டிகளைச் சேர்த்தார், 304 பெட்டிகள்!

ஒன்பது கட்டங் கீறி, வட்டமும் புள்ளடியும் இட்டு நம் பிள்ளைகள் ஆடுவார்களே, அந்த ஆட்டத்தையே அவை கற்றன. ஆட்டத்தில் ஏற்படக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறமாக ஒன்பது நிறமணிகள். பெட்டியைக் குலுக்கினால் முன்னே உருண்டு நிற்கும் மணி எந்நிறமோ அக்கட்டத்தில் யந்திரம் ஆடும். வென்றால், ஆடிய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் அதே நிறத்தில் மூன்று மணிகள் மேலதிகமாக இடப்படும், சமனாயின் ஒன்று. தோற்றால், ஆடிய மணி பறிக்கப்படும். தொடக்கத்தில் தோற்றுக்கொண்டிருந்த அப்பெட்டிகள், நாளடைவில் சமன் செய்யவும், பின்னர் மிக்கியையே வெல்லவும் கற்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் நகர்வுக்குரிய பெட்டியிலே நிறத்துக்கு நான்கு மணிகள். அடுத்தடுத்த நகர்வுகளுக்கு மூன்று, இரண்டு, ஒன்று. கடைசி நகர்வே தோல்விக்குப் பெரிதும் காரணமாதல் கூடும். ஆதலின் அத்தவறு ஒரே தண்டனையில் நீங்கும். முதல் நகர்வோ பலமுறை தோற்றாலன்றி நீங்காது. குற்றம் எவ்விடத்தது என்று உறுதியாக அறியுமுன் கடுமை காட்டலாகாது என்பதே இதன் கருத்து. ஒரு பெட்டியின் மணிகள் யாவும் பறிபோனால், யந்திரம் மேலும் ஆடாது தோல்வியை ஒப்புக்கொள்ளும். இவ்விடத்தில் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். வெறும் பெட்டிகளாகி இடைவிலகிச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேரை நான் அறிவேன்!

இன்றைய யந்திரங்களில் மணிகள் இல்லை. கோடிக்கணக்கான எண்கள் உள்ளன. விடை பிழைக்குந்தோறும் அவ்வெண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. முறை வேறு, ஆயினும் பிழையால் கற்றல் என்னும் அடிப்படை அதுவே. பெட்டிக்கு வெட்கமுமில்லை, மகிழ்ச்சியுமில்லை என்பதையும் மாணவருக்குச் சொல்லியாக வேண்டும்.

கணினி போதாத தோட்டப் பாடசாலைகளில் இதனைக் கற்பிப்பது எங்ஙனம் என்று கேட்பார்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். உருக்குச் சட்டம் இன்றிக் கல்லும் செங்கல்லும் சிமெந்துங் கொண்டே இன்றும் இரயிலைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1962 இல் இன்னும் எளிய ஆட்டமொன்றை வகுத்தார். பக்கத்துக்கு மூன்று காய்கள். பெட்டிகளோ 24 போதும்.

அம்மாணவி லயங்களில் வீடுவீடாகச் சென்று தீப்பெட்டி கேட்கிறாள். அறுந்த பாசிமணி மாலையொன்றை அவளுடைய பாட்டி கொடுத்திருக்கிறார். நேற்றுவரை இருபத்தொரு பெட்டிகள் என் மேசைமீது சேர்ந்துள்ளன.