துதியமுதிலிருந்து அழகின் சிரிப்புக்கு

கடவுளை மறுப்பவனுக்குக் கடலும் வானும் வெறும் சடப்பொருள்களே. அவன் எங்ஙனம் இயற்கையைப் பாடுவான்? படூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நண்பர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வி இது. விடை 1944இலேயே வந்துவிட்டது: பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’.

புதுவைச் சுப்புரத்தினம் பிறவியிலேயே பகுத்தறிவாளர் அல்லர். 1926இல் ‘மயிலம் சுப்பிரமணியர் துதியமுது’ பாடியவர். பின்னரே சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர். 1930இல் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ மலையழகையும் மூடநம்பிக்கைச் சாடலையும் ஒரே கதையில் பிணைத்தது. அங்கே அழகு, வாதத்துக்குத் துணை. ‘அழகின் சிரிப்’பிலோ அழகே தலைவி.

அவளைப் பெண்ணாக உருவகிக்கிறாரே, அதுவும் ஒரு தெய்வந்தானே என்பர் சிலர். அன்று! கவிஞர் அவளிடம் வரம் கேட்கவில்லை, காணிக்கை வைக்கவில்லை. கதிரவனில், கடலில், ஆலமரத்தில், புறாக்களிடத்தில் அவளைக் கண்ணாரக் காண்கிறார், அவ்வளவே. பள்ளியாசிரியராக இருந்தவர் அல்லவா, கைப்பிடித்து அழைத்துச் சென்று நமக்கும் காட்டுகிறார். இருளுக்குக்கூடத் தனி இடம் தந்திருக்கிறார். பக்திப் பாடல்களில் அறியாமைக்கு உவமையாகித் தேய்ந்துபோன இருள், இங்கே பகலைப் போலவே அழகுடையது.

மேடைக்கென எழுதிய சில பாட்டுகளில் முழக்கம் கவிதையை விழுங்கிவிட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவற்றையே மனப்பாடம் செய்துகொண்டு, இந்நூலைத் தேர்வுத்தாளுக்கு விட்டுவிட்டோமே, தோழர்களே, குறை நம்முடையது.

நூலில் சிற்றூரும் பட்டணமும் அடுத்தடுத்து வருகின்றன. படூரில் இன்று இரண்டும் ஒரே சாலையில் நிற்கின்றன. அவ்விரு பகுதிகளையும் அடுத்த வாரம் மாணவர்களோடு படிக்க இருக்கிறேன்.