துளித்துளியாய் விழுந்த இரசம்

எங்கட பக்கம் தண்ணீரில் சந்தேகம் வந்தால் கிளாஸில் ஊத்தி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்ப்போம். கலங்கலா, உவரா, இரும்பு வாடையா? அவ்வளவுதான் கல்முனைப் பரிசோதனை. கட்மியம் இதில் எதிலும் மாட்டாது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 3 மைக்கிரோகிராம்.

அதைக் 'காணும்' வழி பிறந்த கதை விசித்திரமானது. 1918இல் பிராக் நகரில் யாரொஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி கலாநிதிப் பட்டத் தேர்வுக்குப் போனார். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து துளித்துளியாய் விழும் இரசத்தின் பரப்பிழுவிசையை அளந்து குழம்பிப்போயிருந்த பேராசிரியர் குசேரா, அந்தப் புதிரை இவர் தலையில் கட்டிவிட்டார். (இரசம் என்றால் பாதரசம், சோற்றுக்கு ஊத்துறதில்ல.) துளிகளை நிறுத்து நிறுத்துப் பார்த்தவர், 1922 பெப்ரவரியில் விழும் துளியையே மின்வாயாக்கி, அதனூடாகப் பாயும் ஓட்டத்தை அளந்தார். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் படிபடியாக ஏறியது. ஈயத்துக்கு ஏறத்தாழ −0.4 வோல்ற்றில் ஒரு படி, கட்மியத்துக்கு −0.6இல், நாகத்துக்கு −1.0இல். படி இருக்கும் இடம் உலோகம் எது என்று சொல்லும். அதன் உயரம் எவ்வளவு என்று சொல்லும். ஒவ்வொரு துளியும் புதுசு, பழைய அழுக்கு ஒட்டாது. 1959இல் நொபெல் பரிசு கிடைத்தது.

ஆனா அந்தப் படி தெளிவாகத் தெரிய, லீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிகிராம் கட்மியம் வேண்டும். குடிநீர் எல்லையைப்போல 300 மடங்கு! 1950களில் வார்சோவில் கெமுலா போன்றோர் துளியை விழவிடாமல் தொங்கவிட்டார்கள். சில நிமிடம் உலோகத்தை அதற்குள் சேர்த்து, பிறகு அழுத்தத்தைத் திருப்பி ஒரேயடியாக வெளியேற்றினார்கள். உண்டியலில் சில்லறை சேர்த்து உடைக்கிற மாதிரித்தான். மைக்கிரோகிராம் அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. வடமத்திய மாகாண விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோயைப் பற்றி உலக சுகாதார நிறுவன ஆதரவுடன் நடந்த ஆய்வு, 2013இல் கட்மியத்தை நோக்கிக் கைகாட்டியது. மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கட வயல்களுக்குப் போடுகிற பொஸ்பேற்றுப் பசளையிலும் கட்மியம் சிறிதளவு கலந்து வரக்கூடியதுதான். எவ்வளவு என்று அளக்காமல் பயப்படுவதும் பிழை, பயப்படாமல் இருப்பதும் பிழை.

நஞ்சைத் தேட நஞ்சையே பாவித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையும் 2013இல்தான் கைச்சாத்தானது. அதற்கு முன்பே, 2000இல், இரசத்துக்குப் பதிலாக பிஸ்மத் படலம் பூசிய மின்வாய்கள் வந்துவிட்டன. இப்போது கடதாசித் துண்டு மாதிரிச் சின்னதாகவும் அச்சடிக்கிறார்கள். வாப்பா காலையில் விரலைக் குத்திச் சீனி பார்க்கிற மீற்றர் இருக்கே, அதுவும் ஒரு துளியில் ஓட்டம் அளக்கிற இதே குடும்பத்துப் பிள்ளைதான்.