மூன்றரை சதவீதம்: இருங்காட்டுக்கோட்டை காரும் ஐரோப்பிய வரியும்

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போயிருந்தா, ரெண்டு அடுக்கா கார்களை ஏத்திக்கிட்டு, நம்மளை ஓவர்டேக் பண்ணவே விடாத நீளமான ட்ரெய்லர்களைப் பார்த்திருப்பீங்க. அதுல சில கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். அது நம்ம ரோட்டுக்கான கார் இல்லை, துறைமுகத்துக்குப் போற கார். இன்னைக்குக் கதை அந்த இடது பக்க ஸ்டீயரிங் பற்றியது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998இல் சான்ட்ரோ வந்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் 2007 அக்டோபரில் நடந்தது. அப்போ அறிமுகமான ஐ10 கார், உலகத்துக்கே இங்கிருந்துதான் போச்சு. அடுத்த வருஷம் ஐ20. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அந்தக் காரை வாங்கினவங்க ஓட்டினது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சரக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுக் கார் வந்தா 10 சதவீதம் இறக்குமதி வரி. இந்தியாவில் செய்த காருக்கு அப்போ 6.5. இந்த மூன்றரை சதவீதத் தள்ளுபடிக்குப் பெயர் ஜி.எஸ்.பி. (ஜி.எஸ்.டி. இல்லை, பயப்படாதீங்க.) வளரும் நாடுகளுக்கான பொது முன்னுரிமை வரித் திட்டம். 8,000 யூரோ மதிப்புள்ள கார்னு வெச்சுக்கோங்க: 800 யூரோ கட்ட வேண்டிய இடத்தில் 520. சின்னக் காரில் லாபமே கொஞ்சம்தான். அங்கே 280 யூரோ சின்னக் காசு இல்லை.

சரி, பணக்கார நாடுகள் இதை ஏன் கொடுத்தாங்க? இதுக்கு 1960களுக்குப் போகணும். 1947இன் காட் ஒப்பந்தத்தின் அடிப்படை, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை எல்லா உறுப்பு நாட்டுக்கும் கொடுக்கணும் என்பது. கேட்க நியாயமா இருக்கும். ஆனா நூறு வருஷமா ஆலை நடத்துறவனையும் நேத்து கடைக்கால் தோண்டினவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டா யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லவா வேணும்? இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் அர்ஜென்டினப் பொருளாதார அறிஞர் ரவுல் பிரெபிஷ். 1964இல் உருவான ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டின் முதல் பொதுச்செயலாளர் அவர்தான். அந்த அமைப்பின் இரண்டாவது மாநாடு 1968இல் நம்ம புது தில்லியில் கூடியது. பொது முன்னுரிமை என்ற கொள்கையை ஏற்றது அங்கேதான். அதில் ஒரு வார்த்தையை நினைவில் வெச்சுக்கோங்க: பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது.

1971இல் ஐரோப்பா தொடங்கியது, அதே ஆண்டு ஜப்பான். அமெரிக்கா 1976இல். ஆனா சட்டரீதியா, கொடுக்கலாம்னு அனுமதி இருந்ததே தவிர, கொடுத்தே தீரணும்னு கட்டாயம் எங்கேயும் இல்லை. எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளுக்கு, எல்லாமே கொடுக்கிறவர் இஷ்டம்.

இப்போ இருங்காட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். நம்ம கார் 6.5 கட்டுது. ஆனா துருக்கி 1996 முதல் ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கு. அங்கே செய்த காருக்கு வரி பூஜ்யம். கப்பல் தூரமும் குறைவு. ஹூண்டாய்க்கு இஸ்மித்தில் ஆலையும் இருந்தது. 2010இல் ஐரோப்பாவுக்கான ஐ20 தயாரிப்பு அங்கே போச்சு. 2013இல் புதிய ஐ10. வரி மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சந்தைக்குப் பக்கத்தில் செய்யணும்னு எல்லா கார் கம்பெனிக்கும் ஆசை உண்டு. ஆனா 6.5க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் தள்ளுபடி எவ்வளவு தூரம்தான் தாங்கும்?

அடுத்த அடி 2014 ஜனவரி 1. ஐரோப்பா தன் திட்டத்தையே மாத்தி எழுதியது. பிரேசில், மலேசியா மாதிரி ஓரளவு வசதியான நாடுகளை வெளியே அனுப்பி, பட்டியலை ஏறக்குறைய பாதியாக்கியது. கூடவே ஒரு விதி: சலுகையில் வரும் ஒரு வகைப் பொருளின் மொத்த இறக்குமதியில் ஒரு நாட்டின் பங்கு 17.5 சதவீதத்தைத் தாண்டினா, அந்த நாடு அந்த வகையில் 'தேறிவிட்டது'. சலுகை கிடையாது. இதில் உள்ள வேடிக்கை புரியுதா? வகுப்பில் பாதிப் பசங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா, மீதி இருக்கிறவன் படிக்காமலே முதல் ரேங்க். இந்திய மோட்டார் வாகனங்கள் அப்படித் தேறின. வரி மறுபடி 10.

ஐ10, ஐ20 ஏற்கெனவே துருக்கி போயிட்டதால், இந்தச் சுமை விழுந்தது பக்கத்து ஒரகடத்தில். அங்கே 2010இல் தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலையில் இருந்து மைக்ரா கார்கள் எண்ணூர் துறைமுகம் வழியா ஐரோப்பா போய்க்கிட்டிருந்தன. 2016 கடைசியில் அடுத்த தலைமுறை மைக்ரா வந்தப்போ, அது பிரான்ஸின் ஃபிளான் ஆலையில் உருவானது.

இதுக்கு மாற்று, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. இந்தியாவும் ஐரோப்பாவும் 2007லேயே பேச ஆரம்பிச்சாங்க. 2013இல் பேச்சு நின்னுபோச்சு. இடித்த விஷயங்களில் ஒண்ணு, ஐரோப்பியக் கார்களுக்கு நாம் போடும் கனமான வரி. 2022இல்தான் மறுபடி உட்கார்ந்தாங்க.

அமெரிக்கா கதை இன்னும் நேரடியானது. 2019 மார்ச்சில் டிரம்ப் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்: தன் சந்தையை எங்களுக்கு நியாயமா திறந்துவிடுவதாக இந்தியா உறுதி தரவில்லை. ஜூன் 5 முதல் சலுகை ரத்து. தில்லியில் 1968இல் சொன்ன 'பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது' எங்கே போச்சுன்னு கேட்க ஆளில்லை.

சொல்ல மறந்துட்டேன். 2008 ஏப்ரலில், அதே தில்லியில், இந்தியாவும் ஒரு சலுகை அறிவித்தது. தான்சானியா, மலாவி மாதிரி மிகவும் பின்தங்கிய நாடுகளின் பெரும்பாலான பொருட்களுக்கு வரியில்லா இறக்குமதி. எந்தப் பொருள் பட்டியலில் இருக்கணும், எது கூடாதுன்னு முடிவு செய்வது இந்த முறை நாம.