ஆள்காட்டி விரலின் விலை 63 ரூபாய்

கட்டை விரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் துண்டானால் 9. எலும்புக்குச் சேதமில்லாமல் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டால் 5. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இப்படித்தான் மனிதக் கையைக் கணு கணுவாக அளந்து வைத்திருந்தது. தோல், பூட்டு, சுருட்டு, நூல் என்று கையை நம்பியே பிழைத்த திண்டுக்கல்லுக்கு இதைவிட நெருக்கமான அரசாங்கக் காகிதம் ஒன்று இருக்க முடியாது. ஆனால் நூறு வருஷத்துக் கதையைப் புரட்டினால், விரல் எவ்வளவு போனது என்பதைவிட அது எந்தக் கூரைக்குக் கீழே போனது என்பதே காசைத் தீர்மானித்திருக்கிறது.

1923க்கு முன்னால் கணக்கே எளிது: ஒன்றும் கிடையாது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அதில் காசு கேட்க ஆள் செத்திருக்க வேண்டும். முதலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று குடும்பத்தார் வழக்காடி நிரூபிக்கவும் வேண்டும். கை போய் உயிரோடு இருந்தவன் நிலை அதைவிட மோசம். உடன் வேலை பார்த்தவன் செய்த தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்று 1837 முதல் இங்கிலாந்து நீதிமன்றங்கள் சொல்லிவந்த வாதம் இங்கேயும் கப்பலேறி வந்திருந்தது. ஜெர்மனி 1884லேயே விபத்துக் காப்பீடு கொண்டுவந்துவிட்டது. பிரிட்டன் தன் தொழிலாளிகளுக்கு 1897இல் இழப்பீட்டுச் சட்டம் போட்டது. இந்தியத் தொழிலாளிக்கு அது வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

1923இல் நிறைவேறி 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. யார் தவறு என்ற விசாரணை வேண்டாம். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டால் போதும். பெரியவர் ஒருவர் இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், எது குறைவோ அது. நிரந்தரமாக முற்றிலும் முடங்கினால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், எது குறைவோ அது. வேலைக்கு வந்த சிறுவன் செத்தால் 200 ரூபாய், அவ்வளவுதான். படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு ஏறக்குறைய அரைச் சம்பளம். அதுவும் முதல் பத்து நாளுக்குக் கிடையாது. அந்தப் பத்து நாள் பின்னால் ஏழாகி, பிறகு மூன்றாகக் குறைந்தது.

ஆள்காட்டி விரலுக்கு அன்றைய அட்டவணை வைத்த மதிப்பு 10 சதவீதம். மாதம் 15 ரூபாய் வாங்கிய ஒருவர் அந்த விரலை இழந்தால் 42 மாதச் சம்பளமான 630 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 63 ரூபாய். கட்டை விரல் என்றால் 157 ரூபாய் சொச்சம்.

திண்டுக்கல்லுக்கு இந்தச் சட்டத்தோடு ஒரு தனி உறவு உண்டு. விபத்து மட்டுமல்லாமல் வேலையால் வரும் நோய்க்கும் இழப்பீடு உண்டு என்று 1923லேயே எழுதிவைத்தார்கள். அப்படிச் சட்டத்தில் இடம்பிடித்த முதல் நோய்களில் ஒன்று அடைப்பான். நோய் கண்டு செத்த மாட்டின், ஆட்டின் தோலிலும் மயிரிலும் ஒட்டியிருந்து மனிதனுக்குத் தாவும் கிருமி அது. கம்பளி, மயிர், தோல் ஆகியவற்றைக் கையாளுகிற தொழிலாளிக்கு அடைப்பான் வந்தால் அது வேலையில் பட்ட காயமாகவே கருதப்படும் என்றது சட்டம். தோல் ஷாப்புகள் நிறைந்த ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தத் தோல் ஷாப்புகளுக்குள் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் முதலில் தண்ணீரில் ஊறும். பிறகு சுண்ணாம்புக் குழி. முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலோடு தோலை மிதித்தும் புரட்டியும் எடுப்பார்கள். மயிர் உதிர்ந்ததும் சாய்மரத்தில் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையைச் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழி, கடைசியில் கடுக்காய். இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காயம் காத்திருந்தது. சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்னும். கத்தி வழுக்கும். குரோமியம் புழக்கத்துக்கு வந்த பிறகு தோலில் குழி குழியாக ஆறாத புண் வைக்கும். அந்தக் குரோமியப் புண்ணும் பின்னாளில் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஏறியது.

முதல் உலகப் போரில் பட்டாளத்து பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்தின் பட்டைத் தோலைச் சர்க்காரே மொத்தமாக வாங்கியது. தோல் வியாபாரத்துக்கு அது பொற்காலம். சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவர் கதை வேறு. நோயைப் பெயர் சொல்லி எழுதிய சட்டம், இடத்தைப் பெயர் சொல்லி எழுதவில்லை. தொழிற்சாலை என்றால் விசையில் ஓடும் இயந்திரம் இருக்க வேண்டும், இருபது பேராவது வேலை பார்க்க வேண்டும் என்பது 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இலக்கணம். தோல் ஷாப்பில் இருந்ததோ குழியும் கத்தியும். விசை இல்லை, ஆகவே தொழிற்சாலை இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், சட்டத்தின் கண்ணில் படாத தொழிற்கூடங்கள் என்று ஒரு தனி அத்தியாயமே எழுதியது. பீடி, கம்பள நெசவு ஆகியவற்றோடு தோல் பதனிடும் இடங்களும் அந்த அத்தியாயத்தில் இருந்தன. விசை இல்லாத தொழிற்கூடங்களுக்கென்று சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டது 1947இல். இழப்பீட்டுச் சட்டத்தின் திருத்தங்களும் மெல்ல மெல்லக் கதவை அகலமாக்கின. ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஆள் எண்ணிக்கை என்ற ஒரு காவலாளி நின்றுகொண்டே இருந்தார்.

சட்டம் வராத இடத்துக்குச் சங்கம் வந்தது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளிகளின் வாழ்க்கையையும் அவர்கள் சங்கம் கட்டிய கதையையும் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் இருக்கிறது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. செல்வராஜ் இந்த ஊரிலேயே வழக்கறிஞராக இருந்தவர். புலன் விசாரணையும் பத்திரங்களும் எட்டாத இடத்தை ஒரு வக்கீல் நாவலால் எட்டினார் என்பது தற்செயலாக நடந்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரத்தையொட்டி இரண்டாவது ஏற்பாடு வந்தது. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் கொடுத்த அறிக்கையின் மேல் கட்டிய ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் 1955இல் கோவைக்கு வந்தது. ஆலை ஊருக்கே முதலிடம். முதலாளியிடம் போய் நிற்க வேண்டாம், வழக்கு வேண்டாம்; மாதாமாதம் இருவரும் கட்டும் சந்தாவிலிருந்து ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும் என்பதே அதன் அடிப்படை. இன்றைய கணக்கில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் வேறு வேறு அளவுகோல். சாதாரண நோய்க்கு நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கு 90 சதவீதம், தேறும் வரை. சந்தா நாள் கணக்கே கிடையாது. காலையில் சேர்ந்து மாலையில் அடிபட்டவருக்கும் உண்டு. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். நோய்க்காசு வாங்கும் நாட்களில் ஆளை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. காகிதத்தில் இவ்வளவு நல்ல சட்டம் நம் நாட்டில் குறைவு.

ஆனால் ஆள்காட்டி விரலை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. அதில் 14 சதவீதம், நாளொன்றுக்கு 63 ரூபாய், ஆயுள் முழுதும். 1924இல் ஒரே தடவையாகக் கிடைத்த அதே 63. எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நூறு வருஷத்தில் என்ன மாறியது என்பது புரியும். ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்குப் பழைய இழப்பீட்டுச் சட்டம் மொத்தமாகக் கொடுத்தது. முப்பது வயது, சட்டம் ஏற்கும் உச்சச் சம்பளமான 15,000 ரூபாய் என்று வைத்தால், அதில் 60 சதவீதத்தை வயதுக்கான 207.98 என்ற எண்ணால் பெருக்கி 14 சதவீதம் எடுத்தால் 2,62,054 ரூபாய் சொச்சம்.

பூட்டுக்காரர்கள் இந்த இரண்டு கணக்குக்கும் வெளியே நிற்கிறார்கள். சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்த தொழில். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று நாடெங்கும் பேர் போனது. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியது. நாகல்நகர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையும் பின்கட்டுமே பட்டறை. தகடு வெட்டி, அரம் போட்டு, ரிவெட் அடித்து, நெம்புகோலைக் கோத்துச் சாவியைப் பொருத்துகிற வேலை முழுக்கக் கை வேலை. வியாபாரி இரும்பு கொடுப்பார், பூட்டை வாங்கிக்கொள்வார், எண்ணிக்கைக்குக் கூலி. நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் பத்து பேர் கேட்கும் ஈ.எஸ்.ஐ. எப்படி நுழையும்? விரல் போனால் ‘அவர் சொந்தத் தொழில் செய்பவர்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சுருட்டுக்கும் இதே கதைதான். ஸ்பென்சர் கம்பெனியின் ஆலை இருந்த ஊர். சர்ச்சில் பிடித்த சுருட்டு என்று இன்றும் பெருமை பேசுவார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றியவர்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வர வேண்டியிருந்தது.

‘அவன் என் ஆள் இல்லை’ என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தது. 1968இல் ஒடிசாவில் சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை பார்த்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். காண்டிராக்ட்காரர் என்றார் கொட்டகைக்காரர். அட்டவணைப்படி அந்தக் கைக்கு முழு மதிப்பு கிடையாது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது நூறு சதவீத முடக்கம் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பானது. பூட்டுக்காரரின் கட்டை விரலுக்கும் இந்த நியாயத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டியது வக்கீல்கள் வேலை.

இன்று தோலைவிடவும் பூட்டைவிடவும் அதிகம் பேர் இருப்பது வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில். இங்கே விசை உண்டு, ஆள் உண்டு, ஈ.எஸ்.ஐ. அட்டையும் உண்டு. சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் படியும். வாரலீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்குவது அதன் அடையாளம். இந்தப் பஞ்சுத்தூசி நோய் தொழில்நோய்ப் பட்டியலில் தெளிவாகவே இருக்கிறது. டாக்டர் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று எழுதிவிட்டால் 70 சதவீதமும் 91 நாளும். தொழில்நோய் என்று எழுதினால் 90 சதவீதமும் ஆயுள் உரிமையும். மூச்சு விடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். கையெழுத்திடுபவருக்கு அப்படி இல்லை.

ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆலைக்கு வருகிற வழியிலும் சட்டம் தடுமாறியது. கம்பெனி வண்டியில் வந்து விபத்தானால் 1966 திருத்தத்திலிருந்தே ஈ.எஸ்.ஐ. உண்டு. சைக்கிளில் வந்தவர் கதி வேறு. 1971இல் ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் லாரி மோதிய ஒருவருக்கு, இருபத்தைந்து வருஷம் கழித்து 1996இல், இழப்பீடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2010இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியையும் சேர்த்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் 2003இல் இறந்த வழக்கில், பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குடும்பம் காத்திருந்தது 22 வருஷம்.

அந்தத் தீர்ப்பு வந்த நாலு மாதத்தில், 2025 நவம்பர் 21 அன்று, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் கேட்கப்படும் கேள்வி மாறாது: அடிபட்டது வேலையில்தான் என்பதற்கு எழுத்து எங்கே? ஆகவே ஆலையிலோ பட்டறையிலோ இருக்கும் வாசகர் யாருக்காவது கையில் அடிபட்டால், கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போகும் முன் விபத்துப் புத்தகத்தில் தேதி, நேரம், இயந்திரத்தின் பெயரோடு பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வேலையில் பட்ட காயம்’ என்று எழுதி வாங்குங்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர் இரண்டு பேரின் பெயரைக் குறித்துவையுங்கள். பழைய சட்டம் மனுப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டுதான்.