இடப்புறம் எழுந்த வினா

‘இடதுசாரி’ என்கிறோமே, அச்சொல் ஏட்டிலே பிறந்ததன்று, இருக்கையிலே பிறந்தது! 1789. பிரெஞ்சு நாட்டு வெர்சேல்ஸ் நகரில் தேசியப் பேரவை கூடிற்று. மக்கள் மன்றம் இயற்றும் சட்டத்தை மன்னன் ஒருவன் தடுக்கலாமா? ‘தடுக்கலாம்’ என்றோர் தலைவரின் வலப்புறம் அமர்ந்தனர். ‘ஆகாது’ என்றோர் இடப்புறம் அமர்ந்தனர். செப்டம்பர் 11இல் தீர்ப்புக் கிடைத்தது: மன்னன் காலம் தாழ்த்தலாம், முற்றாகத் தடுத்தல் இயலாது!

மகுடம் பணிந்தது, மக்கள் அனைவரும் வென்றனரா? இல்லை. மூன்று நாள் கூலியளவு வரி கட்ட வகையற்ற ஏழைக்கு வாக்கில்லை என்றது 1791ஆம் ஆண்டு அரசியல் சட்டம். ரொபஸ்பியர் போன்ற சிலரே அதனை எதிர்த்தனர். பெண்ணுக்கோ 1944 வரை வாக்குரிமை இல்லை!

எனவே, இடப்புறம் அமர்வது மட்டும் இடதுசாரிக் கொள்கை ஆகிவிடாது. மன்றத்துக்கு வெளியே இன்னும் நிற்பவர் யார் என்று கேட்பதே அது. அவ்வினாவை நாம் மறவாதிருப்போமாக!