செபராங் பிறைத் தோட்டங்களில் களையெடுப்பு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் அடங்கிய செபராங் பிறை, 1800இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்ற அந்தக் கரையோரத்தில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பால்மரத் தோட்டங்களும் பெருகின. அங்கே களையெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910இல் அந்த முறை நின்றபின் கங்காணி வழியாகவும் வந்த தமிழர்கள்.

லாலாங் புல்தான் பெரும் தொல்லை. அதன் தண்டு மண்ணுக்கடியில் படரும். வெட்டுப்பட்ட துண்டும் தழைக்கும். ஆழக் கொத்தி, வேரைப் பொறுக்கி எடுத்தால்தான் அடங்கும். தொடக்க காலத் துரைமார்கள் தோட்டத்தில் ஒரு புல்லும் தெரியக்கூடாது என்றே வேலை வாங்கினார்கள். மறைப்பில்லாத சரிவுகளில் மழை மேல்மண்ணை அரித்துப்போனது. அதன் பிறகே பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை மூடுபயிராகப் படரவிடும் வழக்கம் பரவியது. மண்ணையும் காத்து, கொத்தும் வேலையையும் குறைத்த இந்த வழியே தோட்டக் களையெடுப்பில் கண்ட நல்ல மாற்றம்.

வேலையாள் செலவைக் குறைக்க நஞ்சும் வந்தது. முதலில் சோடியம் ஆர்சனைட். தெளித்த புல்லை மேய்ந்த மாடுகளுக்கும் அது ஆபத்தாயிற்று. 1962இல் சந்தைக்கு வந்த பாராகுவாட், பட்ட பச்சையை ஓரிரு நாளில் கருக்கியது. ஆனால் மண்ணைத் தொட்டதும் செயலிழந்துவிடும். புதிய களை முளைக்கும், மறுபடி அடிக்க வேண்டும். அதனால் மேல்மண்ணில் தங்கி, முளைவிடும் களையையே அழிக்கும் டையூரானைச் சேர்த்து அடித்தார்கள். 

மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் போனது. முதுகில் சுமந்த தொட்டி கசிந்து நனைய, வெறுங்கையோடு அடித்தவர்கள் பலர். தோல் வெந்தது, நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. உள்ளே போனால் பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. 1992இல் பினாங்கில் தொடங்கப்பட்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தின் ஆசிய பசிபிக் மையமும், ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பும் இப்பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டே மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகளின் எதிர்ப்புக்குப்பின் 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது.